134ஏ கேஸுக்கு மாற்றிய பழைய கார் ஏசி மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஆர்-12 என்கிற பழைய ஏசி கேஸை எடுத்துவிட்டு 134ஏ-வுக்கு மாற்றிய வண்டி சரியாகக் குளிரவில்லை என்று போய் நின்றால் எந்தக் கடையிலும் முதலில் கேட்கிற பதில் "கேஸ் கம்மியா இருக்கும் சார், கொஞ்சம் அடிச்சிரலாம்". புதுச்சேரி, கடலூர் பக்கம் அம்பாசடர், கான்டெசா, பழைய மாருதி 800, டாடா சியாரா என்று ஆசையாக வைத்திருப்பவர்கள் பலர் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தே, கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற நல்ல கம்ப்ரசரைக் காலி செய்திருக்கிறார்கள். மாற்றிய வண்டியில் வருகிற தொல்லைகளில் பாதிக்கு மேல் புது கேஸால் வருவதே இல்லை. மாற்றும்போது உள்ளே விட்டுவைத்த பழைய ஆயில், ஈரத்தை உறிஞ்சுகிற பழைய டிரையர் பாட்டில், சூட்டை வெளியே விடுகிற, உப்புக்காற்றில் பொடிந்துபோன கண்டென்சர், இவைதான் காரணம். அதனால் கேஸ் சிலிண்டரைக் கடைசியில் தொடலாம், முதலில் அழுத்தம் காட்டுகிற கேஜை மாட்டுங்கள்.

ஆர்-12 தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வரி. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்தப்பட்ட கேஸ் அது. நம் நாட்டில் 2000-ல் வந்த விதிகளின்படி 2003 ஜனவரிக்குப் பிறகு புது வண்டி ஏசியில் அதைப் போடக் கூடாது, பிறகு உற்பத்தியும் நின்றுவிட்டது. இன்று யாராவது "ஒரிஜினல் ஆர்-12 ஸ்டாக் இருக்கு" என்று சிலிண்டரைக் காட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அறிகுறிக்குப் போகும் முன்

மாற்றிக் கொடுத்தவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். பழைய ஆயிலை வடித்தாரா, என்ன ஆயில் விட்டார்? டிரையர் பாட்டில் புதுசா? இணைப்புகளில் இருக்கிற ஓரிங் (ரப்பர் வளையம்) எல்லாம் மாற்றினாரா? கேஸை எடைபோட்டு அடித்தாரா, கேஜ் முள்ளைப் பார்த்து அடித்தாரா? "அதெல்லாம் பார்த்துக்கிட்டேன் தம்பி, நீ கவலைப்படாத" என்று பதில் வந்தால் கவலைப்பட ஆரம்பிக்கலாம்.

அப்புறம் ஒரு சோதனை. செலவே இல்லாத இதை யாரும் செய்வதில்லை என்பதுதான் ஆச்சரியம். ராத்திரி முழுக்க நிழலில் நின்ற வண்டியை விடிகாலையில் ஸ்டார்ட் செய்யாமல் பானட்டைத் திறந்து கேஜை மாட்டுங்கள். கம்ப்ரசருக்குள் கேஸ் போகிற லோ சைடு, வெளியே வருகிற ஹை சைடு, இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும். சுத்தமான 134ஏ உள்ளே இருந்தால் 30 டிகிரியில் அந்த அழுத்தம் 97 பிஎஸ்ஐ பக்கம் இருக்கும், 35 டிகிரி என்றால் 114 பக்கம். இதைவிட நன்றாகக் குறைவு என்றால் கேஸ் கிட்டத்தட்ட காலி. இதைவிட கூடுதலாக, 30 டிகிரியில் 120, 125 என்று காட்டினால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. பழைய ஆர்-12-ஐ முழுதாக எடுக்காமல் மேலேயே 134ஏ அடித்தாலும் இப்படித்தான், இரண்டும் கலந்தால் தனித்தனியாக இருப்பதைவிட அழுத்தம் ஏறும். ஆனால் 97 காட்டுகிறது என்பதால் கேஸ் போதுமான அளவு இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே அதே எண்தான் காட்டும், அரை கிலோ இருந்தாலும் அதே எண்தான். இந்தச் சோதனை கேஸ் சுத்தமா என்று மட்டும் சொல்லும்.

கலப்படம் என்று தெரிந்தால் அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டாம். முழுவதையும் கேஸை உறிஞ்சிச் சேமிக்கிற ரெகவரி மெஷினில் எடுத்து, பம்ப் வைத்து உள்ளே மிஞ்சிய காற்றை இழுத்து (இதுதான் வேக்கம்), புதிதாக எடைபோட்டு அடிப்பதுதான் வழி. காற்றில் திறந்துவிடுவது சுலபம்தான், ஆனால் ஆர்-12 விஷயத்தில் அது செய்யக் கூடாத வேலை.

ரோட்டில் ஓடும்போது சில்லென்று வருகிறது, சிக்னலில் நின்றால் சூடான காற்று

கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம் வரை சுகமாக வந்து மரப்பாலம் சிக்னலில் நின்றவுடன் வியர்க்க ஆரம்பிக்கிற வண்டி இது. மாற்றிய வண்டிகளில் அதிகம் வருகிற புகாரும் இதுதான்.

ஒரே சூட்டில் 134ஏ பழைய கேஸைவிட ஹை சைடில் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில் ஓடும். கண்டென்சர் 60 டிகிரிக்குப் போனால் ஆர்-12 சுமார் 206 பிஎஸ்ஐ காட்டுகிற இடத்தில் இது 229 காட்டும். வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் பழைய கண்டென்சருக்கு அந்தச் சின்ன பாரமே தாங்காது. பழைய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஒரே குழாய் வளைந்து வளைந்து போகிற மாதிரி. வண்டி ஓடும்போது காற்று அடித்துக் காப்பாற்றுகிறது, நின்றால் விசிறியை நம்பித்தான் இருக்க வேண்டும்.

ஒரு பக்கெட் தண்ணீர் போதும், கண்டுபிடித்துவிடலாம். வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டு, இன்ஜின் ரேஸை 1,500 ஆர்பிஎம் பக்கம் வைத்து, ஹை சைடு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெளியே 35 டிகிரி என்றால் 200-லிருந்து 250-க்குள் இருக்க வேண்டும், லோ சைடு 30-லிருந்து 45-க்குள். ஹை சைடு 300-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறதா, கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மெதுவாகத் தண்ணீரை ஊற்றுங்கள். முள் சட்டென்று இறங்கி உள்ளே குளிரும் திரும்பினால் நோய் கண்டென்சர் பக்கம்தான், கம்ப்ரசரைக் கழற்ற வேண்டாம்.

இனி கண்டென்சர் பக்கம் என்ன என்று பாருங்கள். விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தால் போதாது, சரியான பக்கம் சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வயரை மாற்றி இணைத்து எதிர்ப்பக்கம் சுற்றுகிற விசிறி ஜோராகச் சத்தம் போடும், ஒரு துண்டு பேப்பரைக் கிரில் முன்னால் வைத்தால் இழுக்காமல் தள்ளிவிடும். அடுத்தது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் பக்கவாட்டில் இருக்கிற இடைவெளி. அங்கே ஸ்பாஞ்ச் பட்டை இல்லாவிட்டால் இன்ஜின் சூட்டுக்காற்று சுற்றிக்கொண்டு மறுபடி முன்னாலேயே வரும். அதற்கடுத்தது தகடு. தேவனாம்பட்டினம், கடலூர் ஓல்டு டவுன், இங்கே பீச் ரோடு பக்கம் நிறுத்துகிற வண்டிகளில் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருக்கும். தூரத்தில் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும், விரல் நகத்தால் லேசாகக் கீறினால் தகடு கையோடு வரும். தகடு குழாயை விட்டுவிட்டால் எத்தனை விசிறி போட்டாலும் சூடு வெளியே போகாது. இந்த நிலையில் அளவு பொருந்துகிற, கேஸ் பல குழாய்களில் பிரிந்து போகிற பேரலல் ஃப்ளோ கண்டென்சர் ஒன்றை மாற்றுவதுதான் நல்லது. இந்த மாற்றத்தில் செலவு செய்யத் தகுந்த ஒரு பொருளைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

தண்ணீர் ஊற்றியும் முள் பெரிதாக இறங்கவில்லை என்றால் கேஸ் கூடுதல், அல்லது காற்று கலந்திருக்கிறது. அளவு எப்படி வைப்பது? பழைய ஸ்டிக்கரில் ஆர்-12 எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், 134ஏ அதில் 80-லிருந்து 90 சதவீதம் போதும். 700 கிராம் என்றிருந்தால் 560-ல் நிறுத்திப் பாருங்கள், தேவைப்பட்டால் மட்டும் 630 வரை போகலாம். டிரையர் மேல் இருக்கிற கண்ணாடியில் குமிழி நிற்கும் வரை அடிப்பது ஆர்-12 காலத்துப் பழக்கம். 134ஏ-வில் அளவு சரியாக இருக்கும்போதே குமிழி தெரியும், கண்ணாடி தெளிய அடித்தால் நிச்சயம் கூடுதல்தான்.

கால் மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து பிறகு நின்றுபோகிறது, அணைத்துப் போட்டால் மறுபடி வருகிறது

இதற்கு இரண்டு காரணம் உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. குளிர் போகும்போது டேஷ்போர்டு துவாரத்தில் கையை வையுங்கள்.

காற்றின் வேகமே குறைந்து, புளோயர் சத்தம் மட்டும் இருக்கிறது, அணைத்த பிறகு வண்டிக்கடியில் தண்ணீர் கொட்டுகிறது என்றால் டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கிற கூலிங் காயில் மேல் பனி கட்டிக்கொண்டது. பனி கட்டும் முன் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் வெட்டவில்லை, அல்லது அதன் மெல்லிய சென்சார் குழாய் காயிலிலிருந்து நழுவிக் கிடக்கிறது. காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டும்போது இது அடிக்கடி நடக்கும். தகடுகளுக்கு நடுவே பழைய இடத்தில் ஆழமாகச் செருகினால் முடிந்தது.

காற்று அதே வேகத்தில் வருகிறது, ஆனால் சூடாகிவிட்டது, கேஜில் லோ சைடு முள் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகிறது என்றால் ஈரம். உள்ளே மிஞ்சிய தண்ணீர்த்துளி, காயிலுக்குள் கேஸைப் பீய்ச்சுகிற எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் உறைந்து அடைத்துக்கொள்கிறது. வால்வ் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். சில நொடிகளில் முள் மேலே வந்து குளிரும் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

நம் ஊர்க்காற்றில் இது சகஜம், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் சிஸ்டத்தைத் திறந்து வைத்து வேலை பார்த்தால் கேட்கவே வேண்டாம். 134ஏ-வுக்கான பிஏஜி என்கிற செயற்கை ஆயில் டின்னை மூடாமல் வைத்தால் காற்றிலிருக்கிற ஈரத்தை அப்படியே குடித்துவிடும். திறந்து நாளான டின்னில் மிச்சம் இருப்பதை அடுத்த வண்டிக்கு விடுகிற கடையில் ஆயில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள், புது டின்னை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள்.

வைத்தியம் என்றால் புது டிரையர், ஒழுங்கான வேக்கம். டிரையர் விஷயத்தில் பழைய ஆர்-12 பாட்டிலில் இருக்கிற உலர்த்தி எக்ஸ்ஹெச்-5 வகை, அது 134ஏ-வுக்கு ஆகாது. எக்ஸ்ஹெச்-7 அல்லது 9 என்று கேட்டு வாங்க வேண்டும். வேக்கம் விஷயத்தில் பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரை வைத்து இருபது நிமிடம் ஓட்டுவதை வேக்கம் என்று சொல்ல முடியாது. 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து ஆவியாக வேண்டும் என்றால் கேஜில் வேக்கம் 28.7 இஞ்ச் பாதரசத்தைத் தாண்ட வேண்டும், 27-ல் நிற்கிற பம்ப் ராத்திரி முழுக்க ஓடினாலும் ஈரம் அங்கேயே இருக்கும். கடல் மட்டத்தில் இருக்கிற நமக்கு 29-க்கு மேல் முள் போக வேண்டும், உயரத்தில் முள் அவ்வளவு போகாது என்று மலைப்பிரதேசத்துக்காரர்கள் சொல்கிற சாக்கு நமக்கு இல்லை. முக்கால் மணியாவது ஓடட்டும், பிறகு வால்வை மூடி அரைமணி நேரம் முள் நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

கம்ப்ரசர் கரகரவென்கிறது, அல்லது சில மாதத்தில் ஜாமாகிவிட்டது

கேஸ் மாற்றத்தின் உண்மையான விலை இங்கேதான் தெரியும். ஆர்-12 வண்டியில் இருப்பது மினரல் ஆயில். அது ஆர்-12-ல் கரைந்து அதனோடேயே சுற்றி வந்து கம்ப்ரசருக்கு எண்ணெய் போடும். 134ஏ-வில் அது கரையாது. கம்ப்ரசரிலிருந்து வெளியே போன ஆயில் கண்டென்சர் அடியிலும் கூலிங் காயிலிலும் தேங்கி நின்றுவிடும், திரும்பி வராது, கம்ப்ரசர் வறண்டு ஓடும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது, அதனால்தான் "மாத்திக் கொடுத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறார்கள்.

சத்தம் வந்தவுடன் ஏசியை நிறுத்துங்கள். கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்து வருகிற ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். தெளிவாக இருந்து அளவு மட்டும் குறைவு என்றால் பிழைத்தீர்கள். வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளித்தூள் மினுக்கினால் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது. கறுப்பாகக் கூழ் மாதிரி வந்தால் அந்த கம்ப்ரசரை விடுங்கள், அந்தக் கறுப்பு மற்ற இடமெல்லாம் போயிருக்கும். புது கம்ப்ரசரை அப்படியே மாட்டினால் அதுவும் அதே கதிக்குப் போகும்.

காயில், கண்டென்சர், பைப் இவற்றை ஏசி ஃப்ளஷிங் திரவத்தால் கழுவி, நைட்ரஜனால் ஊதிக் காயவைக்க வேண்டும். கம்ப்ரசர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் மூன்றின் வழியாகவும் ஃப்ளஷ் விடக் கூடாது. பெட்ரோல், தின்னர் எல்லாம் விட்டுக் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள், ரப்பர் என்ன பாவம் செய்தது?

எந்த ஆயில் என்பதில் ஆளுக்கொரு பேச்சு. என் கட்சி இது: எல்லாவற்றையும் பிரித்து முழுசாகக் கழுவி, கம்ப்ரசரும் புதுசு என்றால் கம்ப்ரசர் கம்பெனி சொல்கிற பிஏஜி. பழைய கம்ப்ரசரை வடித்துவிட்டு அதையே மாட்டுகிறீர்கள், மூலையில் எங்கேயாவது மினரல் ஆயில் மிஞ்சும் என்றால் எஸ்டர் ஆயில். ஆர்-12 விட்டுப்போகிற குளோரின் எச்சம் பிஏஜி-யைக் கெடுக்கும், எஸ்டர் அதைச் சகித்துக்கொள்ளும். அளவை மில்லியில் அளந்து விடுங்கள். கூடுதலாக ஆயில் விட்டால் கம்ப்ரசர் சந்தோஷமாக ஓடும், ஆனால் காயில் உள்சுவரில் ஆயில் படிந்து குளிர் குறையும்.

அடித்த கேஸ் கொஞ்ச நாளில் காணாமல் போகிறது

134ஏ மூலக்கூறு சிறியது, பழைய கேஸ் தங்கிய இடத்தில் இது தங்காது. பிரித்த ஒவ்வொரு இணைப்பிலும் ஓரிங்கை ஹெச்என்பிஆர் ரப்பர் வகைக்கு (பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும்) மாற்ற வேண்டும், ஆயில் தடவிப் போட வேண்டும். பழைய ஹோஸ் ஆயிலில் ஊறி நன்றாக இருந்தால் பெரும்பாலும் தாங்கும். வெடிப்பு விட்டிருந்தால் உள்ளே நைலான் பூச்சுள்ள பேரியர் ஹோஸ் செய்து மாட்டுங்கள்.

லீக் எங்கே என்று தேடும்போது புழுதி ஒட்டிய எண்ணெய்க் கறையைத் தேடுங்கள், கேஸ் போகிற இடத்தில் ஆயிலும் கசியும். கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட்டோடு சேர்த்துப் பிரிக்கிற கம்ப்ரசர் கிளட்சுக்குப் பின்னால் பானட் அடியில் கோடு போட்ட மாதிரி எண்ணெய் தெறித்திருந்தால் ஷாஃப்ட் சீல். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற வண்டிகளுக்கு இது வரும், வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் ஏசி போட்டு ஓட்டினால் சீல் காயாது. மாற்றும்போது கேஸ் அடிக்கிற வாயில் போட்ட அடாப்டரின் ஊசி வால்வும் மூடியும் இன்னொரு இடம், சோப்பு நுரை வைத்தால் தெரிந்துவிடும். ஒன்றும் தெரியவில்லை என்றால் நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ அடித்து ராத்திரி விட்டுப் பாருங்கள்.

நைட்ரஜன் மட்டும்தான். பஞ்சர் கடைக் காற்றை அடிக்காதீர்கள், 134ஏ அழுத்தத்தில் காற்றோடு கலந்தால் தீப்பிடிக்கக்கூடிய நிலைக்குப் போகலாம், ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். வெல்டிங் கடை ஆக்ஸிஜன் என்றால் இன்னும் மோசம், ஆயிலும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, "சிலிண்டர் கேஸ் அடிச்சா இதைவிட சில்லுனு வரும்" என்கிற யோசனை. சமையல் கேஸ் குளிரும், பொய்யில்லை. கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குள், அது ஓட்டையானால் கேஸ் வருவது நீங்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு. வீட்டு ஏசியின் ஆர்-22-ம் வேண்டாம், 30 டிகிரியில் சும்மா நிற்கும்போதே 158 பிஎஸ்ஐ இருக்கிற கேஸ் அது, கார் ஹோஸ் அதற்குச் செய்ததல்ல. புது கார்களில் வருகிற 1234ஒய்எஃப்-ம் லேசாக எரியக்கூடியது, விலையும் அதிகம், பழைய வண்டிக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை.

கம்ப்ரசர் கிளட்ச் டக் டக்கென்று விழுந்து விழுந்து எழுகிறது

ஓடும்போது லோ சைடு 20-க்குக் கீழே போய் சுவிட்ச் வெட்டினால் கேஸ் குறைவு. ஆமாம், இந்த ஒரு இடத்தில் கடைக்காரர் சொன்னது சரி, ஆனால் லீக்கைப் பிடித்துவிட்டு அடியுங்கள். ஹை சைடு ஏறி வெட்டினால் முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள். இரண்டும் சரியாக இருந்தும் விழுகிறது என்றால் மின்சாரம்: கிளட்ச் வயரில் ஓடும்போது 12 வோல்ட் வருகிறதா, எர்த் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் ஹை பிரஷர் சுவிட்சே இல்லாமல், அழுத்தம் கூடினால் கேஸை வெளியே துப்புகிற வால்வ் மட்டும் இருக்கும். மாற்றும்போதே ஒரு சுவிட்ச் மாட்டி கிளட்ச் வயரில் கோத்துவிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் எதிர்பார்த்த மாதிரி குளிரவில்லை

இரண்டு முள்ளும் சரியான இடத்தில் இருந்து, துவாரத்தில் தெர்மாமீட்டர் 10-லிருந்து 14 டிகிரிக்குள் காட்டினால் கடலோரப் புழுக்கத்துக்கு அது நல்ல அளவுதான். ஏசியின் சக்தியில் ஒரு பங்கு காற்றிலிருக்கிற ஈரத்தைத் தண்ணீராக்குவதற்கே போகிறது, அடியில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். வெளிக்காற்று கதவை மூடி உள்காற்றிலேயே ஓடவிட்டுப் பாருங்கள், ஹீட்டர் குழாய் முழுசாக மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கதவு பீடிங் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் பானட் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: ஆர்-134ஏ, எத்தனை கிராம், எந்த ஆயில், எத்தனை மில்லி, எந்தத் தேதி. பழைய ஆர்-12 ஸ்டிக்கரில் இருக்கிற எடையைப் புது ஸ்டிக்கரிலேயே ஓரமாக எழுதிக்கொண்டு, பழையதைக் கிழித்துவிடுங்கள்.